பெண்களுக்கான உதவித் திட்டம் ஒன்றை நடத்தி நான் பட்ட பாடு

குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான உதவித் திட்டம் ஒன்றை நாங்கள் மூவர் சேர்ந்து தொடங்கியபோது, மூவரில் மூத்தவள் என்ற முறையில் திட்ட அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் கல்வித் திட்டங்களை நிர்வகித்திருந்தேன். இலக்கு வைப்பது, காலாண்டு அறிக்கை எழுதுவது, தணிக்கையாளர் கேட்கும் ரசீதுகளை அடுக்கி வைப்பது எல்லாம் எனக்குக் கைவந்தவை என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதல் ஆண்டில் எங்களுக்கு ஏற்பட்ட இழப்பில் பெரும்பகுதி அந்த நம்பிக்கையால் வந்தது. விளம்பரம் செய்வது, விடாமல் தொடர்புகொண்டு விசாரிப்பது, படம் எடுத்து ஆவணப்படுத்துவது, எண்ணிக்கை காட்டுவது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கான திட்டங்களில் நல்ல பழக்கங்களாகக் கற்றுக்கொண்ட ஒவ்வொன்றும் இந்த வேலையில் ஒரு பெண்ணை ஆபத்தில் தள்ளக்கூடியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் போய்க் கேட்கவில்லை.

திட்ட அறிக்கையை மூன்று வாரங்களில் முடித்தேன். உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரு முறையேனும் துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கோ, துணைவர் அல்லாத ஒருவரால் பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார் என்று உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டை முதல் பக்கத்திலேயே போட்டேன். அதையும் எங்கள் பகுதிப் பெண்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் பார்த்து, முதல் ஆண்டில் 200 பெண்களுக்கு உதவுவோம் என்று இலக்கு எழுதினேன். நிதி தந்த அமைப்பு அந்த எண்ணை மிகவும் விரும்பியது. முதல் மூன்று மாதங்களில் வந்தவர்கள் நான்கு பேர். அந்த மூன்று மாதங்களும் ஒவ்வொரு காலையும் வயிற்றில் ஒரு கலக்கத்துடன் அலுவலகத்தைத் திறந்தேன். பெண்கள் வரவில்லையே என்ற கவலையைவிட, காலாண்டு அறிக்கையில் என்ன எழுதுவது என்ற கவலைதான் அதில் அதிகம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். வன்முறைக்கு ஆளாகும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே ஏதேனும் ஓர் உதவியை நாடுகிறார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோதான் போகிறார்கள், காவல் துறையை நாடுவோர் உதவி தேடுவோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு தொகுத்திருந்த தகவலைப் பிறகுதான் படித்தேன். எத்தனை பேருக்கு வலிக்கிறது என்ற எண்ணும் எத்தனை பேர் உங்கள் கதவைத் தட்டுவார்கள் என்ற எண்ணும் வெவ்வேறு. முதல் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டாவதற்கு இலக்கு எழுதாதீர்கள்.

அந்த மூன்று வாரங்களுக்குப் பதிலாக நான் மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் பகுதியில் என்னென்ன உதவிகள் ஏற்கெனவே இருக்கின்றன, இரவில் ஒரு பெண் வெளியே வந்தால் முதலில் எங்கே போவாள், மருத்துவமனையில் காயத்தைப் பார்ப்பவர் என்ன கேட்கிறார், என்ன எழுதுகிறார், இலவசச் சட்ட உதவி எந்த நாளில் எந்த நேரத்தில் கிடைக்கிறது என்று நடந்து நடந்து விசாரித்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்து வந்த பெண்கள் நான்கைந்து பேரிடமாவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். ஆறாவது மாதத்தில் தாமதமாக அதைச் செய்தபோது, எங்கள் பகுதியில் ஆலோசனைக்கும் சட்ட உதவிக்கும் ஏற்கெனவே இடங்கள் இருப்பது தெரிந்தது. இல்லாதவை இரண்டு. முதலாவது, குழந்தைகளுடன் இரண்டு மூன்று இரவுகள் தங்க ஓர் இடம். இரண்டாவது, மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூடவே வந்து உட்கார ஓர் ஆள். நாங்களோ பன்னிரண்டு அமர்வுகள் கொண்ட ஆலோசனைத் தொடர் ஒன்றை அழகாக வடிவமைத்து, பயிற்சிக் கையேடு வரை அச்சடித்து வைத்திருந்தோம். அந்தக் கையேட்டில் பாதிப் பிரதிகள் கட்டுப் பிரிக்காமலே இன்னும் என் வீட்டில் இருக்கின்றன.

இனி, அந்த வீட்டைப் பற்றி. தங்குமிடத்துக்காக நான்கு அறைகள் கொண்ட வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1999இல் அறிவித்த நவம்பர் 25ஆம் நாளையே திறப்பு விழாவுக்குத் தேர்ந்தெடுத்தோம். டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரத்தை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960இல் கொல்லப்பட்ட நாள் அது. அந்த வரலாற்றை மேடையில் நான்தான் உணர்ச்சியுடன் பேசினேன். வாசலில் பெயர்ப் பலகை வைத்தோம், முகவரி அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களை ஆயிரக்கணக்கில் கொடுத்தோம், படங்கள் எடுத்துப் பகிர்ந்தோம். கதவுக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள்தான் இருந்தது என்பது அன்று யார் கண்ணிலும் படவில்லை. வீட்டைத் திறந்த ஐந்தாவது மாதத்தில் ஒரு மாலை, நான்காக மடித்த எங்கள் துண்டுப் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. தன் மனைவி உள்ளே இருக்கிறாரா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். அப்படி யாரும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவருடைய மகளின் சிவப்புச் செருப்பு வாசற்படிக்கு அருகில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் அவர் பார்ப்பதைப் பார்த்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவே தங்கியிருந்த மூன்று பெண்களையும் ஐந்து குழந்தைகளையும் வெவ்வேறு இடங்களுக்கு மாற்றினோம். ஒரு வண்டியில் எல்லாரையும் ஏற்றக் கூடாது என்பதுகூட அந்த நேரத்தில் யோசித்துத்தான் தெரிந்துகொண்டோம். அந்த வீட்டுக்கு அதன்பின் யாரையும் அழைத்துச் செல்ல முடியவில்லை. ஓராண்டு ஒப்பந்தத்தில் எஞ்சிய ஏழு மாத வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். அவர்மீது எனக்கு அப்போது கடும் கோபம் இருந்தது. ஆனால் அவர் வீட்டை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை நாங்கள் அவரிடம் முழுமையாகச் சொல்லியிருக்கவில்லை, பாதுகாப்புக் காரணத்தால் வெளியேற நேர்ந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியைச் சேர்க்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. முன்பணம், வாடகை, கட்டில், அலமாரி, சுவருக்குப் பூசிய வண்ணம் எல்லாம் சேர்த்து, முதல் ஆண்டு நிதியில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு மாலையோடு போயிற்று.

தங்குமிடத்தின் முகவரியை மறைத்தே தீர வேண்டுமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். 1971இல் லண்டனின் சிசிக் பகுதியில் தொடங்கப்பட்டு, இவ்வகைத் தங்குமிடங்களுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் வீட்டின் இருப்பிடம் அப்போது ஊரறிந்த ஒன்றாகத்தான் இருந்தது. நெதர்லாந்தில் முகவரியை மறைக்காமல் பாதுகாப்பைப் பலப்படுத்தி நடத்தும் தங்குமிடங்கள் இருக்கின்றன. முகவரி மறைவாக இருந்தால், தங்கியிருக்கும் பெண் வேலைக்குப் போவதும் பிள்ளை பள்ளிக்குப் போவதும் தோழியைச் சந்திப்பதும் கடினமாகிவிடுகின்றன என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. மறைப்பதாக இருந்தால் முழுமையாக மறைக்க வேண்டும். அப்போது அலுவலகம் வேறிடத்தில் இருக்க வேண்டும், கடிதங்கள் அங்கே வரக் கூடாது, மின் கட்டண ரசீதில்கூட அமைப்பின் பெயர் இருக்கக் கூடாது. வெளிப்படையாக இருப்பதென்றால் இரட்டைக் கதவும் கண்காணிப்பும் இரவுக் காவலும் அழைத்தால் வரும் காவல் துறையும் இருக்க வேண்டும். எங்கள் வீடு இரண்டிலும் சேராத பாதி வேலையாக இருந்தது. நிதி குறைவாக உள்ளவர்கள் முதல் ஆண்டில் சொந்தமாகத் தங்குமிடம் தொடங்காமல், ஏற்கெனவே நடக்கும் ஒரு தங்குமிடத்துடன் எழுத்து வழியாக உடன்பாடு செய்துகொண்டு சில படுக்கைகளுக்கு உரிய செலவைக் கொடுப்பதே நல்லது என்பது என் முடிவு.

பணம் போனதை எண்ணி இப்போது நான் வருந்துவதில்லை. அடுத்து எழுதப்போவது அப்படிப்பட்டதன்று. ஆறாவது மாதத்தில் ஒரு பெண் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அழைத்து, இரண்டு முறையும் ஓரிரு சொற்களிலேயே இணைப்பைத் துண்டித்தார். நான்காவது நாள் அதே எண்ணிலிருந்து தவறிய அழைப்பு ஒன்று இருந்தது. எங்கள் தன்னார்வலர்களில் மிகவும் சுறுசுறுப்பான இளம்பெண் ஒருவர், அக்கறையினால், உடனே திரும்ப அழைத்தார். எதிர்முனையில் வணக்கம் சொன்ன குரல் யாருடையது என்று கவனிப்பதற்குள், பயிற்சியில் நான் சொல்லிக்கொடுத்தபடியே எங்கள் அமைப்பின் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பிறகு கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "அக்கா, எடுத்தது அவர் இல்லை, வீட்டுக்காரர்" என்றார். அந்த எண்ணிலிருந்து அதன்பின் அழைப்பு வரவில்லை. அந்தப் பெண்ணின் முழுப் பெயரோ இருப்பிடமோ எங்களுக்குத் தெரியாது. நாங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தன்னார்வலரை நான் திட்டவில்லை. பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியவள் நான். அந்த மாதம் முழுவதும் எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும், முதலில் அதன் கடைசி நான்கு இலக்கங்களைத்தான் பார்த்தேன்.

இன்று எங்கள் தொலைபேசிக்கு அருகில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. யார் அழைத்தாலும் முதலில், இப்போது பேசுவது பாதுகாப்பா, அருகில் யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இணைப்பு அறுந்தால் நாங்கள் திரும்ப அழைக்கலாமா, அழைத்தால் எந்த நேரத்தில், வேறு யாராவது எடுத்தால் எங்களை யாரென்று சொல்லிக்கொள்வது என்றும் கேட்க வேண்டும். அனுமதி தராத எண்ணுக்கு எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப அழைப்பதில்லை, குறுஞ்செய்தி அனுப்புவதில்லை, எங்கள் எண்ணை எந்தப் பெயரில் சேமிக்கலாம் என்பதையும் அந்தப் பெண்ணே முடிவு செய்கிறார். கைப்பேசி கணவரின் கண்காணிப்பில் இருக்கலாம் என்பதை எப்போதும் மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறோம். இருவருக்கும் தெரிந்த கடவுச்சொல், பகிரப்பட்ட மின்னஞ்சல் கணக்கு, இருப்பிடத்தைக் காட்டும் செயலி, பிள்ளையின் கையில் இருக்கும் பழைய கைப்பேசி ஆகிய எதன் வழியாகவும் செய்தி கசியலாம். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் ஆர்வத்தில் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. கண்காணிப்புச் செயலியைக் கண்டவுடன் நீக்கிவிடுகிறார்கள். அது திடீரென்று நின்றுபோனால், அவள் எதற்கோ தயாராகிறாள் என்று கண்காணிப்பவருக்குத் தெரிந்துவிடும். அதைத் தொடாமல் விட்டு, எங்களுடன் பேசுவதற்கு நம்பகமான வேறொருவரின் கைப்பேசியைப் பயன்படுத்தச் சொல்வதே பல நேரங்களில் பாதுகாப்பானது.

ஆபத்தின் அளவை எடை போடுவதிலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. காயம் பெரிதாக இருந்தால் ஆபத்து பெரிது, காயம் இல்லாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பேச்சுவாக்கில், போன மாதம் ஒரு முறை கழுத்தைப் பிடித்து நெரித்தார், பிறகு விட்டுவிட்டார் என்றார். உடம்பில் ஒரு தடமும் இல்லை. அவரும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, நானும் பதிவேட்டில் அரை வரியாக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். சில வாரங்களுக்குப் பின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த செவிலியர் ஒருவர் எங்களுக்குப் பயிற்சி தந்தபோது, அந்தப் பதிவேட்டைப் புரட்டி அந்த அரை வரியில் விரலை வைத்து, "இந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார். கழுத்து நெரிக்கப்பட்டவர்களில் பலருக்கு வெளியே தடம் எதுவும் தெரியாது என்பதையும், ஒரு முறை கழுத்தை நெரித்தவர் பின்னாளில் கொலை செய்யும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அமெரிக்கச் செவிலியர் ஜாக்குலின் கேம்பல் 1980களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டு வினாத்தாளை அவர் எங்களுக்கு விளக்கினார். அடி கூடிக்கொண்டே வருகிறதா, ஆயுதம் கையில் இருக்கிறதா, கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாரா, தற்கொலை செய்துகொள்வேன் என்கிறாரா, கருவுற்றிருந்தபோது அடித்தாரா, அன்றாடம் போகிற வருகிற இடத்தையெல்லாம் கட்டுப்படுத்துகிறாரா, அண்மையில் பிரிந்து வந்தாரா என்பவை அதில் உள்ள கேள்விகளில் சில. அன்று மாலையே அந்தப் பெண் குறித்திருந்த நேரத்தில் அழைத்தோம். அவர் பாதுகாப்பாக இருந்தார். அது எங்கள் திறமையால் நிகழ்ந்ததில்லை.

அந்தக் கேள்விகளில் கடைசியாக வருவதைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். பிரிந்து வருவதோடு ஆபத்து தீர்ந்துவிடும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறோம். உண்மையில் பிரியப்போகும் நாட்களும் பிரிந்தபின் வரும் முதல் சில மாதங்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம். எனவே "இன்றே கிளம்பி வந்துவிடுங்கள்" என்று சொல்வது அக்கறையாகத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் அது பொறுப்பற்ற பேச்சு. அந்த வீட்டிலேயே இன்னும் ஓராண்டு இருக்கப்போகிற பெண்ணுக்கும் பாதுகாப்புத் திட்டம் தேவை. சண்டை முற்றும்போது சமையலறைக்கோ வெளியேற வழியில்லாத அறைக்கோ போகாமல் இருப்பது, அடையாள ஆவணங்களின் நகல்களையும் கொஞ்சம் பணத்தையும் மாற்றுச் சாவியையும் நம்பகமானவரிடம் கொடுத்து வைப்பது, அண்டை வீட்டாருடன் ஒரு சொல்லையோ சைகையையோ பேசி வைத்துக்கொள்வது, எங்கே ஓடி யாரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது என்று ஒவ்வொன்றும் அந்த வீட்டின் அமைப்புக்கு ஏற்ப அந்தப் பெண் சொல்லச் சொல்ல எழுத வேண்டியவை. எழுதிய தாளை அவர் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், நாங்கள் ஒரு முறை கொடுத்து அனுப்பினோம்.

ஒரு பெண் எங்களிடம் மூன்று முறை வந்து மூன்று முறையும் கணவரிடம் திரும்பிப் போனார். மூன்றாவது முறை நான் பொறுமை இழந்து, எங்கள் நேரத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டேன். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் நாள்தோறும் கேட்டுப் பழகிய தொனியைத்தான் என்னிடமும் கேட்டிருக்கிறார் என்பது அவர் போன பிறகு உறைத்தது. அவர் ஏன் திரும்பினார் என்பதை அவருடைய தோழி பின்னர் சொன்னார். சம்பளம் கணவரின் கணக்குக்குப் போகிறது, வீட்டு வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் இருக்கிறது, பிள்ளையின் பள்ளி அங்கே இருக்கிறது. அமெரிக்காவின் டுலூத் நகரில் வன்முறையை அனுபவித்த பெண்களின் வாய்மொழியிலிருந்து 1984இல் உருவாக்கப்பட்ட, துணையை அடக்கி வைக்கும் வழிகளைக் காட்டும் படமான அதிகாரக் கட்டுப்பாட்டுச் சக்கரத்தில், பொருளாதாரத்தை முடக்குவதும் பிள்ளைகளைக் கருவியாக்குவதும் தனித்தனி ஆரங்களாக இருக்கின்றன. அந்தப் படத்தைப் பயிற்சிகளில் நானே பலமுறை சுவரில் மாட்டியிருக்கிறேன். மாட்டியவள்தான் அந்தப் பெண்ணிடம் அப்படிப் பேசினேன். நிதி தந்த அமைப்பின் படிவமும் எனக்கு உதவவில்லை. "மறுவாழ்வு பெற்றோர்" என்ற கட்டத்தில் அவரைச் சேர்க்க முடியாது, எனவே அவர் அறிக்கையில் ஒரு தோல்வி. இரண்டாம் ஆண்டில் அந்தக் கட்டத்தையே மாற்றச் சொல்லிப் போராடினோம். எத்தனை பேர் வெளியேறினார்கள் என்பதற்குப் பதிலாக, எத்தனை பேரிடம் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, எத்தனை பேர் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கினார்கள், திரும்பிப் போனவர்களில் எத்தனை பேர் மீண்டும் எங்களை அழைத்தார்கள் என்று எண்ணுகிறோம். இந்த மூன்றாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சமரசம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆலோசனைக் குழுவில் இருந்த மதிப்புக்குரிய ஒருவர், கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும் என்று வற்புறுத்தினார். ஒரு முறை அப்படிச் செய்தோம். அறைக்குள் கணவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார், நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மனைவி கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். ஒரே ஒரு முறை துணிந்து உண்மையைச் சொன்னார். அதற்கான விலையை அன்று இரவு வீட்டில் கொடுத்தார். ஒருவருக்கு மற்றவர்மீது பயம் இருக்கும் இடத்தில் இருவரையும் ஒன்றாக வைத்துப் பேசுவதை நாங்கள் அத்துடன் நிறுத்தினோம். அந்தப் பெரியவர் குழுவிலிருந்து விலகினார். அவருடன் வரவேண்டிய நன்கொடையும் வரவில்லை.

பதிவேடுகள் விஷயத்தில் நாங்கள் தப்பித்தது நூலிழையில்தான். ஆண்டறிக்கைக்கு வெற்றிக் கதை ஒன்று வேண்டும், முடிந்தால் படமும் வேண்டும் என்று கேட்டார்கள். பெயரை மாற்றி, முகத்தை மறைத்து ஒரு கதையை எழுதினேன். மூன்று பெண் குழந்தைகள், கைக்குழந்தைக்கு இருந்த ஒரு குறை, அவர் பார்த்த வேலை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் எங்கள் கணக்காளர் சரிபார்க்க வாங்கிப் படித்துவிட்டு, இவரை எனக்குத் தெரியுமே என்றார். மறைக்க வேண்டியது பெயரை மட்டும் அன்று. முதல் சந்திப்பிலேயே வாங்கும் ஒப்புதல் கையெழுத்தையும் நான் இப்போது ஒப்புதலாகக் கருதுவதில்லை. அடைக்கலம் தேடி வந்தவர் அந்த நிமிடத்தில் எதை நீட்டினாலும் கையெழுத்திடுவார். இப்போது பெயரும் முகவரியும் உள்ள ஏடு ஒரு பூட்டுக்குள், குறியீட்டு எண்ணுடன் கூடிய குறிப்புகள் இன்னொரு பூட்டுக்குள், இரண்டு சாவிகளும் இருவேறு ஆட்களிடம் இருக்கின்றன. குறிப்புகளில் ஊகம் எழுதுவதில்லை, அந்தப் பெண் சொன்ன சொற்களையே தேதியுடன் எழுதுகிறோம். நாளை அந்த ஏட்டை நீதிமன்றம் கேட்கலாம், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அதை வரிவரியாகப் படிக்கலாம்.

வரவு செலவுத் திட்டத்தில் நான் எழுத மறந்தவற்றை அடுக்கினால் ஒரு தனி ஏடு ஆகும். இரவு இரண்டு மணிக்கு வண்டி, பூட்டு மாற்றும் கூலி, குழந்தைக்கு மாற்று உடை, தொலைந்த ஆவணங்களுக்கு நகல் எடுக்கும் கட்டணம், உடைந்த மூக்குக் கண்ணாடி என்று எதற்கும் தலைப்பு இல்லை. இரவு வண்டிக்காரர் ரசீது தரமாட்டார், ரசீது இல்லாத செலவைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். முதல் ஆண்டில் அப்படிக் கழித்துக்கட்டப்பட்ட தொகை ஏறத்தாழ என் இரண்டு மாதச் சம்பளம், அதை நானே ஏற்றேன். தொடங்கும் முன்பே சிறிய அவசர நிதி ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெண்ணின் குறியீட்டு எண், தொகை, காரணம், ஊழியர் இருவரின் கையெழுத்து ஆகியவை ரசீதுக்குப் பதிலாக ஏற்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

ஊழியர்களைப் பற்றி நான் திட்ட அறிக்கையில் எழுதியது சம்பளமும் பயண அலவன்சும் மட்டுமே. முதல் ஆலோசகர் ஐந்தாவது மாதத்தில் விலகினார், இரண்டாமவர் நான்கே மாதங்கள் இருந்தார். ஒவ்வொரு விலகலுக்கும் புதியவரைத் தேடிப் பயிற்சி அளிக்க இரண்டு மாதங்கள் போயின, அதற்குள் பழகிய முகத்தைத் தேடி வந்த பெண்கள் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கே தூக்கம் கெட்டது. வீட்டில் யாராவது கதவைச் சற்று ஓங்கிச் சாத்தினால் எழுந்து நின்றுவிடுவேன். கேட்டுக் கேட்டே மனம் காயப்படும் என்பதை ஒரு பலவீனமாக நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மாதம் இரு முறை வெளியிலிருந்து ஒரு மூத்த ஆலோசகர் வந்து ஊழியர்களுடன் பேசுகிறார், வாரத்தில் இரண்டு இரவுக்கு மேல் யாரும் தொலைபேசியை வைத்திருப்பதில்லை. பயிற்சிகளில் இன்னொன்றையும் கற்றேன். ஆபத்து மதிப்பீட்டுக் கேள்விகளை இருவர் இருவராகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தபோது, தன்னார்வலர் ஒருவர் நான்காவது கேள்வியில் நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய், நெடுநேரம் வரவில்லை. உதவ வந்தவர்களிலும் உதவி தேவைப்படுபவர் இருப்பார். அதற்கான வழியைப் பயிற்சி தொடங்கும் முன்பே, எல்லாருக்கும் பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொல்லிவிட வேண்டும்.

முதல் ஆண்டின் முடிவில் நிதியின் இரண்டாம் தவணை நான்கு மாதங்கள் தாமதமாயிற்று. அந்த நேரத்தில் ஏழு பெண்கள் எங்களை நம்பிப் பாதி வழியில் இருந்தார்கள், அவர்களில் இருவருக்கு நீதிமன்றத் தேதி இருந்தது. நான் சொந்தப் பெயரில் கடன் வாங்கினேன். அதை யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பு இல்லாமல் தங்குமிடத்தில் யாரையும் சேர்க்கக் கூடாது, நிதி முடியும் தேதிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்து புதியவர்களை வேறு அமைப்பிடம் சேர்க்க வேண்டும், அந்த அமைப்புடன் அதற்கான உடன்பாடு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் இரண்டாம் ஆண்டு திட்ட அறிக்கையில் எழுதினேன். அந்த அறிக்கையை எழுத நான்கு மாதங்கள் ஆயின. இலக்கு 200 என்பதை 40 ஆகக் குறைத்தேன். எண் ஏன் இவ்வளவு சிறியது என்று நிதி தந்த அமைப்பின் அலுவலர் கேட்டார். ஒரு பெண்ணுக்கு எத்தனை முறை நீதிமன்றத்துக்குக் கூடவே போகிறோம், எத்தனை இரவுகள் தங்க வைக்கிறோம் என்று மணிக்கணக்கில் எழுதிய தாளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, தொகையையும் கொஞ்சம் குறைத்தே ஒப்புதல் தந்தார். ஒத்துக்கொண்டேன். சொந்தக் கடனில் இன்னும் பதினொரு தவணைகள் பாக்கி இருக்கின்றன.